சிறகுக்கு முன்னே தண்ணீர்



சிசிலித் தீவின் பலெர்மோவில் வாழும் இலங்கைத் தமிழர்களான நம்மவர்களுக்கு ஆகஸ்ட், மொண்டெல்லோக் கடற்கரையின் மாதம். வீட்டு வேலை, உணவக வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று கிழமை முழுவதும் ஓடியவர்கள், ஞாயிறு பின்னேரம் 806 பேருந்தில் ஏறி, ஃபவொரித்தா பூங்காவைக் கடந்து கடற்கரையில் போய் இறங்குகிறோம். பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடிவிடுகிறார்கள். பெரியவர்கள் மணலில் துணியை விரித்துச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார்கள். வெயில் சாய்ந்து, மொந்தே பெல்லெக்ரினோ மலையின் பாறைமுகம் சிவக்கும் நேரத்தில் தலைக்கு மேலே தும்பிகள் வட்டமிடத் தொடங்கும். அப்போது பிள்ளைகள் கேட்பார்கள், பெரியவர்களும் கேட்பார்கள்: இது எங்கள் ஊர்த் தும்பிதானா?

இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் தும்பியின் உறவுமுறையும், மொண்டெல்லோவின் பழைய கதையும், நாம் கவனிக்காமல் கடந்து போகிற சின்னச் சின்னத் தண்ணீர்களின் அருமையும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

முதலில் உறவுமுறை. சிசிலியில் கோடை முழுவதும் தண்ணீர் ஓரங்களில் காணும் செக்கச் சிவந்த தும்பிக்கு அறிவியலில் குரொக்கொதெமிஸ் எரித்ரேயா என்று பெயர். நம் ஊர் வயல் வரம்பிலும் குளக்கரையிலும் அதே சிவப்பில் உட்கார்ந்திருப்பது குரொக்கொதெமிஸ் செர்விலியா. இரண்டும் பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் போல: ஒரே குடும்பப் பெயர், ஏறக்குறைய ஒரே முகம், வேறு வேறு வீடு. இங்கே கத்தரிப்பூ நிறத்தில் மின்னும் திரிதெமிஸ் அன்னுலாத்தாவுக்கு நம் ஊரில் திரிதெமிஸ் அவுரோரா என்று ஓர் உறவு உண்டு. சில தும்பிகளோ உறவுகூட இல்லை, அதே இனந்தான். செந்நரம்பு ஓடிய சிறகுடைய சிம்பெத்ரும் ஃபொன்ஸ்கொலொம்பியைச் சிசிலியிலும் காணலாம், தென்னிந்திய மலைகளிலும் காணலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வசந்த காலத்தில் கடல் கடந்து ஐரோப்பாவுக்குள் வரும் அனாக்ஸ் எஃபிப்பிகர் இந்தியாவிலும் வாழ்கிறது. ஐஸ்லாந்து வரைக்கும் போய்ச் சேர்ந்ததாகப் பதிவான ஒரே தும்பி அதுதான். இந்தியாவின் ஆற்றுப் பாறைகளில் வெயில் காயும் திரிதெமிஸ் கிர்பியி, இந்த நூற்றாண்டில்தான் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் வந்து குடியேறியது.

ஆகவே பிள்ளைகளுக்குத் தயங்காமல் சொல்லலாம்: சில எங்கள் ஊர்த் தும்பிகளேதான், மற்றவை அவற்றின் சொந்தக்காரர்.

தும்பிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கூட்டமும் உண்டு. உடல் ஊசி போல மெலிந்து, உட்காரும்போது சிறகுகளை முதுகின் மேல் சேர்த்துக் கூப்பிக்கொள்ளும் ஊசித்தும்பிகள். தும்பி சிறகை விரித்து வைத்துக்கொண்டே உட்காரும். தும்பிக்குக் கண்கள் தலையின் நடுவில் ஒட்டியோ நெருங்கியோ இருக்கும், ஊசித்தும்பிக்கு இரண்டு பக்கமும் விலகி நிற்கும். சில விதிவிலக்குகள் இருந்தாலும் இந்த இரண்டு அடையாளமும் பிள்ளைகளுக்குப் போதும். சிசிலிக்கென்றே சொல்லத்தக்க ஓர் ஊசித்தும்பி இருக்கிறது: இஸ்க்னூரா ஜெனேயி. சிசிலி, சார்டினியா, கோர்சிகா, மால்டா, அவற்றை அண்டிய சிறு தீவுகள் ஆகியவற்றில்தான் அது வாழ்கிறது. தீவிலிருந்து வந்து தீவில் வாழ்கிற நமக்கு இந்தத் தீவுக்காரியை அறிமுகம் செய்து வைப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இலங்கையிலும் 130 வகைக்கு மேல் தும்பிகளும் ஊசித்தும்பிகளும் உள்ளன. அவற்றில் ஏறக்குறையப் பாதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் பல, சிங்கராஜா போன்ற மழைக்காடுகளின் நிழல்படிந்த ஓடைகளை நம்பி வாழ்பவை.

அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமானது. மொண்டெல்லோவில் வட்டமிடும் இந்தத் தும்பிகள் எங்கே பிறந்தன? கடலில் பிறந்திருக்க முடியாது. ஏறக்குறைய எல்லாத் தும்பிகளும் நன்னீரில் பிறப்பவை, மிகச் சிலவே உவர்நீரைத் தாங்கும். அப்படியென்றால் இந்தக் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கோ நன்னீர் இருக்கிறது, அல்லது இருந்தது.

இருந்தது என்பதே மொண்டெல்லோவின் கதை. இன்று நாம் காணும் மாளிகைகளும் பனைமர வரிசைகளும் நிற்கும் நிலம், 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெருஞ்சதுப்பு. மொந்தே பெல்லெக்ரினோவுக்கும் மொந்தே காலோவுக்கும் நடுவே தேங்கிய தண்ணீர் கடலுக்கு வடியாமல் நின்றது. கரையோரம் சூரை மீன் பிடிப்பவர்களின் சிறு குடியிருப்பு, அதன் முதுகுக்குப் பின்னால் மலேரியா. அக்காலத்தில் பிரபு பிரான்செஸ்கோ லான்சா தி ஸ்காலேயா அந்தச் சதுப்பை வற்றவைக்கும் பணியை முன்னெடுத்தார். தண்ணீர் வடிந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய-பெல்ஜிய நிறுவனம் ஒன்று அங்கே தோட்ட நகரம் ஒன்றை எழுப்பியது. கடலுக்குள் தூண்களின் மேல் நிற்கும் அந்தப் பழைய குளியல் மண்டபம், நம் பிள்ளைகளின் எல்லாப் படங்களிலும் பின்னணியாக வருகிறதே, அதுவும் முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் இந்த நிறுவனம் கட்டியதுதான்.

அந்த வற்றவைப்பை நான் குறை சொல்லவில்லை. மலேரியா எத்தனை வீடுகளை வெறிச்சோட வைக்கும் என்பதை வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டே இத்தாலியில் ஜொவான்னி பத்திஸ்தா கிராஸி, மனிதருக்கு மலேரியாவைக் கொண்டுவருவது அனோஃபிலிஸ் நுளம்புதான் என்று காட்டினார். அதன் பிறகு சதுப்பை வற்றவைப்பது உயிர் காக்கும் வேலையாகவே எல்லா இடத்திலும் கருதப்பட்டது. இத்தாலி மலேரியா அற்ற நாடாக 1970இல் அறிவிக்கப்பட்டது, இலங்கை 2016இல். சிசிலி, இலங்கை என்ற இரண்டு தீவுகளிலும் இன்று பிறக்கும் குழந்தை அந்தப் பயமின்றித் தூங்குகிறது. அது பெரிய பேறு.

ஆனால் நுளம்பின் வீட்டை மூடியபோது, நுளம்பைத் தின்பவனின் வீட்டையும் சேர்த்து மூடிவிட்டோம். இதைத்தான் இந்த மாதம் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். தும்பி என்றால் நமக்குச் சிறகு நினைவுக்கு வருகிறது. உண்மையில் தும்பியின் வாழ்வில் சிறகு கடைசிச் சில வாரங்கள் மட்டுமே. அதற்கு முந்திய நெடிய வாழ்வு முழுவதும் தண்ணீருக்குள் கழிகிறது.

பெண் தும்பி முட்டையைத் தண்ணீரில் உதிர்க்கும், அல்லது நீர்ச்செடியின் தண்டைக் கீறி உள்ளே செருகும். குளத்தின் மேல் தும்பி வாலால் தொட்டுத் தொட்டுப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டில்லை, முட்டையிடுதல். முட்டையிலிருந்து வருவது சிறகில்லாத, சேற்று நிறக் குடம்பி. இனத்தையும் தண்ணீரின் சூட்டையும் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து சில ஆண்டுகள் வரை அது தண்ணீருக்கடியிலேயே வாழும். வளர வளரப் பத்துத் தடவைக்கு மேலும் தோல் கழற்றும்.

அந்தக் குடம்பி எப்படிப்பட்ட வேட்டைக்காரன் தெரியுமா? அதன் கீழுதடு மடித்து வைத்த கை போல முகத்துக்கு அடியில் கிடக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும், கண் இமைப்பதற்குள் அந்த உதடு நீண்டு பாய்ந்து இரையைக் கவ்வி வாய்க்குக் கொண்டுவந்துவிடும். தும்பிக் குடம்பி மூச்சு விடுவது குதத்தின் உட்புறத்தில் இருக்கும் செவுள்களால். உள்ளே இழுத்த தண்ணீரை ஆபத்து வந்தால் வேகமாகப் பின்னால் பீய்ச்சி, அந்த உந்துதலில் முன்னால் பாய்ந்து தப்பிக்கும். ஊசித்தும்பியின் குடம்பிக்கோ வால் நுனியில் மூன்று மெல்லிய செவுள் இலைகள் உண்டு. அந்த வாலை வைத்தே இது இன்னாருடைய பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

இந்தக் குடம்பிகளுக்குப் பிடித்த இரைகளில் ஒன்று நுளம்புக் குடம்பி. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீடு, ஒரு தும்பிக் குடம்பி ஒரு நாளில் சராசரியாக 40 நுளம்புக் குடம்பிகளைத் தின்னக்கூடும் என்கிறது. மியன்மாரில் ரங்கூன் நகர மக்கள் இதைக் கையாண்டும் பார்த்திருக்கிறார்கள். டெங்கு பரப்பும் நுளம்பு பெருகும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில், ஊர் மக்களே சேர்ந்து தும்பிக் குடம்பிகளை விட்டார்கள். நுளம்பு நன்றாகக் குறைந்தது என்று 1990இல் வெளியான அறிக்கை சொல்கிறது. அங்கே பயன்பட்ட தும்பி எது என்று கேட்டால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்: நம் ஊர் வயல்களின் சிவப்புத் தும்பியான அதே குரொக்கொதெமிஸ் செர்விலியா.

பருவம் முற்றியதும் குடம்பி ஒரு நாள் இரை எடுப்பதை நிறுத்தும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஒரு தண்டைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே ஏறும். முதுகு வெடிக்கும். உள்ளேயிருந்து வெளிறிய, நனைந்த, கசங்கிய சிறகுடன் தும்பி வெளியே வரும். சிறகு விரிந்து காய்ந்து விறைக்கும் வரை அதனால் பறக்க முடியாது. பறவைக்கும் எறும்புக்கும் சிலந்திக்கும் அது இரையாவது இந்த நேரத்தில்தான். தப்பியவை பறந்த பிறகு தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெறுங்கூட்டைக் கோடைக் காலையில் எந்தக் குளக்கரையிலும் தேடிப் பார்க்கலாம். அந்தக் கூடு இருந்தால், அந்தத் தண்ணீர் ஒரு தும்பியை முழுதாக வளர்த்து அனுப்பியிருக்கிறது என்று பொருள்.

பறக்கத் தொடங்கிய பிறகு அது வேறு உலகம். தும்பியின் இரண்டு கண்களிலும் ஆயிரக்கணக்கான சிறு வில்லைகள், பெரிய இனங்களில் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 30,000. முன்னும் பின்னும் மேலும் பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கும். நான்கு சிறகுகளையும் தனித்தனியாக இயக்கும் என்பதால் நின்ற இடத்தில் நிற்கும், பின்னோக்கியும் நகரும், சட்டென்று திரும்பும். இரையை அது பின்னாலிருந்து துரத்துவதில்லை. இரை அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணித்து அந்த இடத்துக்கே போய்ச் சேர்கிறது. முள் நிறைந்த ஆறு கால்களையும் கூடையாகக் குவித்து அள்ளுகிறது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, தும்பி குறிவைத்த இரையில் நூற்றுக்கு 95 வரை பிடிபட்டன. சிங்கமும் சுறாவும் இந்தக் கணக்குக்குக் கிட்ட வர முடியாது.

சிசிலியின் நடுப்பகலில் இன்னொரு காட்சியும் உண்டு. வெயில் உச்சிக்கு வந்ததும் சில தும்பிகள் குச்சி நுனியில் உட்கார்ந்தபடி வாலை நேரே சூரியனை நோக்கித் தூக்கி நிற்கும். உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ள அவை கண்ட வழி அது. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசா அருகே ஃப்ளோரிதியாவில் வெப்பம் 48.8 பாகையைத் தொட்டது. ஐரோப்பாவில் அதுவரை பதிவானதில் அதுவே மிக உயர்ந்தது. அப்படிப்பட்ட வெயிலைத் தாங்கும் தீவில் இந்தத் தலைகீழ் நிலை அடிக்கடி கண்ணில் படும். கடற்கரைக் கம்பியில் ஒரு தும்பி அப்படி நிற்கக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

அவற்றின் காதலும் சண்டையும் தனிக் கதை. ஆண் தண்ணீர் ஓரத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக் காவல் காக்கும். அத்துமீறி வரும் ஆணை விரட்டும். பெண் வந்தால் வால் நுனியால் அதன் கழுத்துப் பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். பெண் தன் வாலை வளைத்து முன்னுக்குக் கொண்டுவர, இரண்டும் சேர்ந்து இதய வடிவத்தில் பறக்கும். பார்க்க அழகு, உள்ளே கடும் போட்டி. ஜோனதன் வாகே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் ஓர் உண்மையைக் காட்டினார்: ஊசித்தும்பி ஆண் தன் விந்தைச் செலுத்துவதற்கு முன், முன்பு கூடிய ஆணின் விந்தைச் சுரண்டி வெளியே எடுத்துவிடுகிறது. அதனால்தான் பல இனங்களில் ஆண், பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை அதைப் பிடித்தபடியே பறக்கிறது, அல்லது மேலே நின்று காவல் காக்கிறது.

பெண்ணும் சும்மா இருப்பதில்லை. இஸ்க்னூரா ஊசித்தும்பிகளில் சில பெண்கள் ஆணின் நிறத்தையே கொண்டு பிறக்கின்றன. அந்த நிறம் ஆண்களின் ஓயாத தொந்தரவிலிருந்து அவற்றைக் காப்பாற்றுகிறது என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு தும்பி இனத்தைக் கவனித்த ரஸீம் கெலீஃபா, முட்டையிட்டுத் திரும்பும் பெண்கள் ஆண் துரத்தும்போது வானத்திலிருந்து கீழே விழுந்து மல்லாந்து அசையாமல் செத்தது போலக் கிடப்பதை 2017இல் எழுதினார். ஆண் போன பிறகு எழுந்து பறந்துவிடும்.

அருவி ஓரங்களுக்குப் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சிசிலியின் தெளிந்த ஓடைகளில் செம்பு மின்னும் கரிய சிறகுடன் கலொப்தெரிக்ஸ் ஹெமொரொய்தாலிஸ் என்ற ஊசித்தும்பி வாழ்கிறது. பெண்ணைக் கண்டதும் ஆண் அதன் முன் படபடவென்று சிறகடிக்கும். வால் நுனியின் சிவப்பைக் காட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் இலங்கையின் ஓடைகளிலும் பச்சை மின்னும் சிறகுடன் அலையும் நியூரோபேசிஸ் சைனென்சிஸ் இதற்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் ஓடும் தெளிந்த தண்ணீர் வேண்டும். அழுக்கு கலந்தால் முதலில் போவது இவைதான்.

கடல் தாண்டும் தும்பியைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. நம் ஊரில் மழைக்கு முன்னும் பின்னும் மைதானத்தின் மேல் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பொன்மஞ்சள் தும்பி பந்தாலா ஃப்ளாவெசென்ஸ். நீளம் நாலரை சென்டிமீட்டர், எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாலைதீவில் வாழ்ந்த கடல் ஆய்வாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன், ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் அந்தத் தீவுகளுக்கு இவை பெருந்திரளாக வருவதைக் கவனித்தார். அந்தப் பவளத் தீவுகளில் முட்டையிட ஏற்ற நன்னீர் மிகக் குறைவு. பின் ஏன் வருகின்றன? இந்தியாவிலிருந்து கிளம்பி, வாடைக்காற்று வீசும் உயரத்துக்கு ஏறி, மாலைதீவையும் சீஷெல்ஸையும் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் மழைக்குப் போகின்றன என்று 2009இல் அவர் எழுதினார். அடுத்த தலைமுறைகள் ஆப்பிரிக்க மழையைத் தொடர்ந்து சென்று, பின் தென்மேற்குப் பருவக்காற்றோடு இந்தியாவுக்குத் திரும்புகின்றன. முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். அதை முடிக்க நான்கு தலைமுறை வேண்டும்.

இதைப் படித்ததும் நம் சொந்தப் பயணங்களை நினைக்காதவர் இருக்க மாட்டார்கள். நானும் நினைத்தேன். என்றாலும் தும்பிக்கு நம் துயரத்தை ஏற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்குப் பின்னால் எரிந்த வீடு இல்லை, கையில் விசாக் காகிதம் இல்லை. அது மழையைத் தேடிப் பறக்கிறது. எங்கே மழை பெய்து பள்ளத்தில் ஓர் அடித் தண்ணீர் நிற்கிறதோ அங்கே முட்டையிடும். அதன் குடம்பி ஆறேழு வாரத்தில் வளர்ந்து, அந்தக் குட்டை வற்றுவதற்குள் பறந்துவிடும். இத்தனை பெரிய பயணமும் இத்தனை சின்னத் தண்ணீரை நம்பியே நடக்கிறது.

அந்தச் சின்னத் தண்ணீர்தான் எங்கும் போய்க்கொண்டிருக்கிறது. 2024இல் சிசிலியில் வறட்சிக்காக அவசரநிலை அறிவித்தார்கள். தீவின் நடுவே உள்ள பெர்குசா ஏரி அந்தக் கோடையில் ஏறக்குறைய வற்றிப்போனது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. சிறு குளமும் கேணியும் மாரியில் நிறையும் வயல் பள்ளமும்தான் அங்கே தும்பிக்கும் தவளைக்கும் கிணற்றுக்கும் ஆதாரம். அவை குப்பையாலும் கட்டடத்தாலும் தூர்ந்து வருவதை ஊருக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். உலகளவில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021 டிசம்பரில் 6,016 வகைத் தும்பிகளையும் ஊசித்தும்பிகளையும் மதிப்பிட்டு, அவற்றில் நூற்றுக்கு 16 அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது. காரணங்களில் முதன்மையானது சதுப்பும் நன்னீரும் அழிவது.

தண்ணீர் கிடைக்காத தும்பி ஏமாந்தும் போகிறது. தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் தன்மையை வைத்தே தும்பி தண்ணீரை அடையாளம் காண்கிறது. பளபளக்கும் காரின் மேற்கூரையும் மெருகேற்றிய கருங்கல்லும் அதே போல ஒளியைத் தெறிக்கவிடும். ஹங்கேரி ஆய்வாளர் காபோர் ஹோர்வாத்தும் அவரோடு பணியாற்றியவர்களும், ஒரு கல்லறைத் தோட்டத்தில் தும்பிகள் மெருகேற்றிய கருங்கற்களைக் குளம் என்று நம்பிச் சுற்றிவருவதைக் கண்டு விளக்கினார்கள். ஆகஸ்டில் மொண்டெல்லோவின் தெருக்களில் வரிசை வரிசையாக நிற்கும் கார்களை நினைத்துப் பாருங்கள். ஒரு தும்பி காரின் மேல் வாலால் தொட்டுத் தொட்டு எழுவதைக் கண்டால், அது தன் முட்டைகளைச் சுடும் தகட்டின் மேல் இட்டுக்கொண்டிருக்கிறது.

மொண்டெல்லோவின் சதுப்பைத் திரும்பக் கொண்டுவா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் பலெர்மோவைச் சுற்றி இன்னும் எஞ்சியிருக்கும் தண்ணீரை நாம் அறிந்திருக்க முடியும். மொந்தே பெல்லெக்ரினோவின் மேல், நம்மில் பலர் செருப்பில்லாமல் ஏறிப்போய் வணங்கும் சாந்தா ரொசாலியா அன்னையின் பெயரையே கொண்ட ஒரு சிறு குட்டை இருக்கிறது: கோர்கோ தி சாந்தா ரொசாலியா. சுண்ணாம்புப் பாறை மலையில் தண்ணீர் நிற்பதே அரிது. அடுத்த தடவை மலையேறும்போது அங்கேயும் கொஞ்சம் நில்லுங்கள். நகருக்குள்ளே 1795இல் திறந்த தாவரவியல் பூங்காவில் 24 பகுதிகளாகப் பிரித்த வட்டக் குளம் ஒன்று உண்டு. தாமரையும் அல்லியும் பூத்துக் கிடக்கும் அந்தக் குளத்தைக் கண்டால் நம் கோயில் கேணிகள் நினைவுக்கு வரும். தும்பி பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப்போக அதைவிட எளிய இடம் நகருக்குள் எனக்குத் தெரியவில்லை. நகரின் ஓரத்தில் ஒரெத்தோ ஆறு ஓடுகிறது. நீண்ட காலம் கழிவு சுமந்த ஆறு அது. அதைச் சுத்தப்படுத்தக் கோரி உள்ளூர் மக்கள் கூடும்போது நம் பிள்ளைகளும் அங்கே நிற்க வேண்டும். இந்த நகரம் அவர்களுடையதும்தான்.

தோட்டமோ பெரிய மாடமோ உள்ளவர்கள் ஒரு சிறு குளம் அமைக்கலாம். வெயில் படும் இடம் வேண்டும். ஓரம் ஆழம் குறைந்தும் நடு ஆழமாகவும் இருக்கட்டும். நீர்ச்செடிகள் வையுங்கள், குடம்பி ஏறிவரச் சில குச்சிகளை நட்டுவிடுங்கள். அலங்கார மீன் விடாதீர்கள், அது குடம்பிகளைத் தின்றுவிடும். பூச்சிமருந்து பக்கத்தில்கூட வேண்டாம். ஒரு கண்டிப்பையும் சேர்த்துச் சொல்கிறேன்: பூச்சட்டித் தட்டிலும் வாளியிலும் பழைய டயரிலும் நிற்கும் தண்ணீர் தும்பிக்கு உதவாது, நுளம்புக்குத்தான் உதவும். 1990 முதல் இத்தாலியில் பரவியிருக்கும் வரிப்புலி நுளம்பு அப்படிப்பட்ட இடங்களில்தான் பெருகுகிறது. அவற்றை வாரந்தோறும் கவிழ்த்துவிடுங்கள். செடியும் வேட்டைக்காரனும் இருக்கும் தண்ணீர் வேறு, தேங்கிக் கெட்ட தண்ணீர் வேறு. முன்பு இரண்டையும் ஒன்றாகவே வடித்துவிட்டோம். இன்று பிரித்து அறியும் அறிவு நம்மிடம் இருக்கிறது.

நம் பிள்ளைகளில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். இத்தாலிய மொழியில் எல்லாப் பூச்சிக்கும் பெயர் சொல்லுவார்கள். அவர்களுக்குத் தும்பி, ஊசித்தும்பி, குடம்பி, கேணி என்ற பெயர்களையும் கற்றுக் கொடுங்கள். அதோடு, தும்பிக்கு நூல் கட்டிக் கல் தூக்க வைக்கும் பழைய விளையாட்டைக் கற்றுக் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். பிடிக்காமல் பார்ப்பதே போதும். கொஞ்சம் பொறுமையாக நின்றால் அது திரும்பத் திரும்ப அதே குச்சிக்கு வந்து உட்காரும், பிள்ளைகள் ஆற அமரப் பார்க்கலாம்.

இந்தக் கோடையில் நீங்கள் காணும் தும்பிகளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பலெர்மோவிலிருந்தும் கட்டானியாவிலிருந்தும், ஊரிலிருந்தும், வேறு எந்த நாட்டிலிருந்தும் எழுதலாம். பிள்ளைகள் வரைந்த படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த நாள், எந்த இடம், என்ன நிறம், உட்காரும்போது சிறகை விரித்ததா கூப்பியதா என்று குறியுங்கள். கடைசியாக, அந்த இடத்துக்குப் பக்கத்தில் என்ன தண்ணீர் இருக்கிறது என்று தேடிப் பார்த்து அதையும் எழுதுங்கள். குளமா, வாய்க்காலா, கேணியா, தோட்டத் தொட்டியா? தும்பியைப் பார்ப்பவர் பலர், அதன் தண்ணீரைத் தேடிப் போகிறவர் சிலர். நம் வாசகர்கள் அந்தச் சிலராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஓர் ஊர் தன் சிறு தண்ணீர்களின் பெயரையும் இடத்தையும் அறிந்து வைத்திருந்தால், அவற்றை யாரும் சத்தமில்லாமல் தூர்த்துவிட முடியாது. வரும் கடிதங்களிலிருந்து அந்தத் தண்ணீர்களின் பட்டியல் ஒன்றை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்